பீலித் தண்ணீரும் அப்பச் சோடாவும்: ஹப்புத்தளை மீன் தொட்டி ஒன்றில் ஓரிரவில் நேர்ந்த இறப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

ஹப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஆசிரியர் ஒருவரின் வீட்டு முன்னறையில் வைக்கப்பட்டிருந்த கண்ணாடித் தொட்டியில், தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரே இரவில் 14 கப்பி மீன்களும் 2 பொன்மீன்களும் இறந்துபோயின. எஞ்சிய 2 பொன்மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்தபடி தத்தளித்துக்கொண்டிருந்தன. இறப்புக்கு முந்திய மாலையில், மீன்கள் சோர்ந்திருப்பதற்குப் பரிகாரமாக, தொட்டியில் அப்பச் சோடா கரைத்து ஊற்றப்பட்டிருந்தது. மலைநாட்டு நீரில் அப்பச் சோடா பெரும்பாலும் நன்மையே செய்யும்; நானும் அதைப் பலருக்குப் பரிந்துரைப்பவன்தான். அப்படியிருக்க, இந்தத் தொட்டியில் அது ஏன் உயிர்களைப் பறித்தது என்பதையும், அந்த நிலைக்குத் தொட்டியைக் கொண்டுசென்றது சோடாவுக்கு வெகு முன்னரே தொடங்கிய தீனிப் பழக்கந்தான் என்பதையும் அளவீடுகளோடு விளக்க வேண்டியிருப்பதால் இதை எழுதுகிறேன். வீட்டாரின் அனுமதியுடன், பெயர்களைத் தவிர்த்து எழுதப்படுகிறது.

தொட்டியும் நீரும்

தொட்டி மூன்று அடி நீளமும் ஓரடி அகலமும் பதினைந்து அங்குல உயரமும் கொண்டது. அடியில் பரப்பிய சரளைக் கல்லையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்துப் பார்த்தால் உள்ளே இருந்த நீர் ஏறத்தாழ 90 லீற்றர். காற்றுப் பம்பியால் இயங்கும் ஒரு நுரைப்பஞ்சு வடிகட்டி இருந்தது, சூடாக்கி இல்லை. விரலளவு நீண்டு வளர்ந்திருந்த 4 பொன்மீன்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 கிராம் இருந்திருக்கும். கப்பிகளையும் சேர்த்தால் தொட்டியின் மொத்த மீன் எடை 85 கிராம் அளவில் வரும்.

நீர், தோட்டத்து மேட்டிலிருந்து குழாய் வழியாக இறங்கும் பீலித் தண்ணீர். கடல் மட்டத்திலிருந்து 1400 மீற்றருக்கு மேல் அமைந்த அந்த மலைச்சரிவில், பாறை எளிதில் கரையாத உருமாறிய பாறையாக இருப்பதால், ஊற்று நீர் மழைநீருக்குச் சற்று மேலான அளவு கனியுப்புகளையே தன்னுடன் எடுத்துவருகிறது. நான் அளந்தபோது அதன் பீ.எச். பெறுமானம் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 6.3 ஆகவும், காரத்தன்மை, கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டால், லீற்றருக்கு 18 மில்லிகிராமாகவும் இருந்தது. குடிப்பதற்கு இதைவிட இனிய நீர் கிடைக்காது. மீன் வளர்ப்பவர் இந்த இரண்டாவது எண்ணை மறக்கக்கூடாது. காரத்தன்மை என்பது நீரில் உருவாகும் அமிலத்தை ஈடுசெய்யும் கையிருப்பு. அது தீர்ந்துபோனால் பீ.எச். சரிவதைத் தடுக்க நீரில் வேறெதுவும் இல்லை. மாத்தளை, திகன போன்ற சுண்ணாம்புப் பாறை ஓடும் இடங்களில் கிணற்று நீரின் கதை வேறு. அங்கே வளர்ப்பவருக்குக் கிடைத்த அறிவுரையை ஹப்புத்தளையில் இருப்பவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நிகழ்வுக்கு முந்திய வாரங்கள்

வழமையாக ஆசிரியர் ஞாயிறுதோறும் தொட்டியின் பாதி நீரை மாற்றிவந்தார். அந்தப் பழக்கம் இருந்தவரையில் தொட்டி தாக்குப்பிடித்தது. ஊவாப் பக்கத்துக்கு மழையைக் கொட்டும் வடகீழ்ப் பருவக்காற்று காலத்தில் பீலித் தண்ணீர் மண் கலங்கி வரத் தொடங்கியதும், கலங்கல் நீரை மீனுக்கு விடுவதா என்று தயங்கி, நீர் மாற்றுவதை நிறுத்திவிட்டார். அதே காலத்தில் வீட்டுக்குள் குளிர் இறங்கியது. விடியற்காலையில் தொட்டி நீர் 15 பாகை செல்சியசு வரை குறைந்து, நண்பகலில் 18 பாகைக்கு மேல் ஏறவில்லை. ஆண்டு இறுதியில் கொழும்பிலிருந்து உறவினர்களும் பிள்ளைகளும் வந்து பொங்கல் முடியும்வரை தங்கினார்கள். வருவோர் போவோர் எல்லோரும் மீனுக்குத் தீனி போட்டார்கள். உருண்டைத் தீனியோடு பாண் துண்டும் பிஸ்கட் தூளும் சேர்ந்தன.

இதில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆசிரியரின் தாயார் என்னிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “இந்தக் குளிருக்கு மனுசனுக்கே பசி கூடுது, அதுகளுக்குப் பசிக்காதா தம்பி?” மலையில் பிறந்து வளர்ந்த எவருக்கும் நியாயமாகவே தோன்றும் கேள்வி இது. நம் உடல் குளிரை எதிர்த்துத் தன் சூட்டைக் காத்துக்கொள்ள வேண்டியிருப்பதால் நமக்குப் பசி கூடுகிறது. மீனின் உடலோ நீரின் வெப்பநிலையிலேயே இருக்கிறது. நீர் குளிர்ந்தால் அதன் சமிபாடும் இதயத் துடிப்பும் எல்லாம் சேர்ந்தே தாழ்கின்றன. வெப்பநிலை 10 பாகை குறைந்தால் மீனின் உடற்தொழிற்பாடு ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது பொதுவான கணிப்பு. ஆகவே குளிர்காலத்தில் மீனின் தேவை குறைகிறது. ஆனால் தீனியைக் கண்டால் அது கண்ணாடிக்கருகே ஓடிவருவதை நிறுத்துவதில்லை. குறிப்பாகப் பொன்மீனுக்கு இரைப்பை என்று தனியான உறுப்பு இல்லாததால், உண்டதைத் தேக்கிவைத்து நிறைவு கொள்ளும் வழி அதற்கு இல்லை. அது கேட்பதைப் பார்த்துப் பசியை அளப்பது எந்தக் காலத்திலும் பிழையாகவே முடியும்.

மீன்கள் அடித்தளத்தில் ஒதுங்கி, செட்டைகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு நிற்கத் தொடங்கியபோது, ஆசிரியர் ஒரு போத்தலில் தொட்டி நீரை எடுத்துக்கொண்டு நகரத்துக் கடை ஒன்றுக்குச் சென்றார். அங்கே நிறத்தாளை நனைத்துப் பார்த்து, பீ.எச். 6 இற்கும் கீழே இருக்கிறது, இரண்டு மேசைக்கரண்டி அப்பச் சோடா போடுங்கள், சரியாகிவிடும் என்றார்கள். அன்று மாலை அவர் சோடாவைக் கோப்பையில் கரைத்து ஊற்றினார். சிறிது நேரத்தில் மீன்கள் மேலெழுந்து சுறுசுறுப்பாக நீந்தியதைக் கண்டு வீட்டார் மகிழ்ச்சியோடு உறங்கச் சென்றார்கள். விடிந்தபோது கப்பிகள் ஒன்றுகூட உயிருடன் இல்லை.

அளவீடுகள்

இந்த நிகழ்வை ஆராய முடிந்ததற்கு ஒரு நல்வாய்ப்பு உதவியது. கடைக்கு எடுத்துச் சென்ற போத்தலில் மிச்சமிருந்த நீரை ஆசிரியர் கொட்டிவிடாமல் அலுமாரியில் வைத்திருந்தார். ஆகவே ஒரே தொட்டியின் நீர், சோடா இடுவதற்கு முன்பும் பின்பும் என, இரண்டு மாதிரிகளாக என் கைக்குக் கிடைத்தது.

முதலில் தொட்டி நீரை அளந்தேன். பீ.எச். 8.2, வெப்பநிலை 18 பாகை. அடுத்து, மீனின் கழிவிலிருந்தும் அழுகும் தீனியிலிருந்தும் நீரில் சேரும் அமோனியா. அதன் சோதனைக் குப்பியில் துளிகளை விட்டுக் குலுக்கியதும், மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் சில நொடிகளிலேயே பச்சையாகி, ஐந்து நிமிடத்தில் வண்ண அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிக் கருமை கலந்த பச்சைக்குச் சென்றது. அட்டையைத் தாண்டிய நிறத்தை வாசிக்க முடியாதென்பதால், வாகன பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரைச் சம அளவில் கலந்து மறுபடி சோதித்தேன். 4 என்று காட்டியது. எனவே தொட்டியில் இருந்த மொத்த அமோனியா லீற்றருக்கு 8 மில்லிகிராம். அடுத்துப் போத்தல் நீர்: அமோனியா அதே 8, பீ.எச். 5.7. அமோனியாவைப் பற்றீரியாக்கள் மாற்றும்போது முதலில் உருவாகும் நைத்திரைற்று இரண்டிலும் பூச்சியம்.

இந்த நான்கு எண்களில் நிகழ்வு முழுவதும் அடங்கியிருக்கிறது.

நீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று மின்னேற்றம் கொண்ட அமோனியம் அயன்; இது செவுளின் மென்சவ்வை எளிதில் கடக்காது, தீங்கும் மிகக் குறைவு. மற்றது மின்னேற்றமில்லாத அமோனியா. இதுவே செவுள் வழியாக நேரே குருதிக்குள் புகும் நச்சு. சோதனைக் குப்பி இரண்டையும் சேர்த்தே காட்டும். எந்த வடிவம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பீ.எச். பெறுமானமும், அதற்கு அடுத்தபடியாக வெப்பநிலையும் ஆகும். 18 பாகையில், பீ.எச். 5.7 ஆக இருக்கும்போது மொத்தத்தில் 0.02 வீதத்துக்கும் குறைவான பங்கே நச்சு வடிவில் இருக்கும். அதாவது 8 மில்லிகிராமில் ஏறக்குறைய 0.0014 மில்லிகிராம். அதே நீரின் பீ.எச். 8.2 ஆனதும் அந்தப் பங்கு 5 வீதத்தைத் தாண்டி, நச்சு அமோனியா லீற்றருக்கு 0.4 மில்லிகிராமாகிவிடுகிறது. ஏறத்தாழ 300 மடங்கு. நன்னீர் மீன் வளர்ப்பில் நீடித்த இருப்புக்கு 0.02 மில்லிகிராமைத் தாண்டவிடக் கூடாது என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. தொட்டிக்குப் புதிதாக ஒரு துளி அமோனியாவும் சேரவில்லை. அங்கே ஏற்கெனவே உறங்கிக்கிடந்தது விழித்துக்கொண்டது.

மாலையில் மீன்கள் தெளிந்ததுபோல் தோன்றி, இறப்பு விடியற்காலையில் நேர்ந்ததற்கும் விளக்கம் உண்டு. அப்பச் சோடா இட்டவுடன் பீ.எச். முழுமையாக ஏறிவிடாது; நீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு அதை ஓரளவு தாழ்த்திப் பிடித்துக்கொண்டிருக்கும். இரவு முழுவதும் காற்றுக் குமிழிகள் அந்த வாயுவை வெளியேற்ற வெளியேற்ற, பீ.எச். படிப்படியாக 8 ஐக் கடந்தது. இந்தத் தாமதத்தினால்தான் வீட்டார் எவருக்கும் சோடாவின்மேல் ஐயம் எழவில்லை. இரண்டரை அலகு ஏற்றம் ஓரிரவில் நிகழ்ந்ததன் அதிர்ச்சியும் தன் பங்கைச் செய்திருக்கும். ஆயினும் இறந்த பொன்மீன்களின் செவுள்மூடியை உயர்த்திப் பார்த்தபோது, இழைகள் கடுஞ்சிவப்பாக வீங்கி ஒன்றோடொன்று ஒட்டி, சளி படர்ந்திருந்தன. அமோனியாவின் கைவரிசைக்கு இது பொருந்துகிறது.

மருந்து கலந்த நீரா?

வீட்டாரின் முதல் ஐயம் வேறாக இருந்தது. தோட்டத்தில் தெளித்த மருந்து பீலியில் கலந்துவிட்டது என்றே அவர்கள் உறுதியாக நம்பினார்கள். இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. மழைக்காலத்தில் தேயிலையின் கொப்புள நோய்க்குச் செப்புச் சேர்வைகள் தெளிக்கப்படுவது வழமை. செப்பு மீனுக்குக் கடும் நஞ்சு, அதுவும் கனியுப்புக் குறைந்த நீரில் அதன் நச்சுத்தன்மை கூடுதல். தோட்ட வீடுகளில் மீன் வளர்ப்போர், மேலேயுள்ள மலையில் மருந்து தெளித்த நாட்களிலும் அதை அடுத்து மழை பெய்த நாட்களிலும் பீலித் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது.

ஆனால் இந்த நிகழ்வில் அந்தக் காரணம் நிற்கவில்லை. வாரக்கணக்காகத் தொட்டிக்குப் புதுநீரே விடப்பட்டிருக்கவில்லை. மேலும், உயிருடன் எஞ்சிய இரண்டு பொன்மீன்களை அதே பீலித் தண்ணீர் நிரம்பிய நீலப் பிளாஸ்டிக் பேசினுக்கு மாற்றியதும், அன்று மாலைக்குள் அவை மூச்சுத்திணறல் நீங்கி நிலைகொண்டன. நஞ்சு பீலியில் இருந்திருந்தால் இது நடந்திராது. நோய்க்கும் சான்று இல்லை: வெண்புள்ளியோ பூஞ்சணமோ புண்ணோ எந்த உடலிலும் காணப்படவில்லை, எல்லா வயது மீன்களிலும் இறப்பு ஒரே இரவில் நேர்ந்தது. ஒட்சிசன் குறைவைப் பொறுத்தவரை, 1400 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் தாழ்ந்திருப்பதால் நீர் ஏற்கக்கூடிய ஒட்சிசன் கடற்கரையோடு ஒப்பிடுகையில் ஏழில் ஒரு பங்கு வரை குறையும் என்பது உண்மைதான். எனினும் குளிர்ந்த நீர் கூடுதல் ஒட்சிசனைப் பிடித்துவைப்பதால் அந்த இழப்பு பெருமளவு ஈடாகிறது, பம்பியும் இரவெல்லாம் நிற்காமல் ஓடியிருக்கிறது.

தீனியிலிருந்து அமோனியாவுக்கு

8 மில்லிகிராம் அமோனியா எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வீட்டிலிருந்த தீனிப் பொதியே பதில் சொன்னது. 50 கிராம் பொதியில் எத்தனை கரண்டி தீனி இருக்கிறதென்று எண்ணிப் பார்த்து, அவர்கள் பயன்படுத்திய சிறு பிளாஸ்டிக் கரண்டி ஒருமுறைக்கு 1.1 கிராம் எடுக்கிறதென்று கணித்தோம். நாளுக்கு மூன்று முறையென்றால் 3.3 கிராம், பாணையும் பிஸ்கட்டையும் கணக்கில் சேர்க்கவில்லை. மீன்களின் எடையில் இது ஏறத்தாழ 4 வீதம். இளங்குஞ்சுகளை வெதுவெதுப்பான நீரில் வேகமாக வளர்ப்பதற்குரிய அளவு இது. வளர்ந்த மீனுக்கு நல்ல வெப்பநிலையிலேயே 1 வீதம் போதும். 18 பாகையில் அதில் பாதி போதும்.

பொதியில் புரதம் 40 வீதம் என்று அச்சிடப்பட்டிருந்தது. மீன் பண்ணைகளில் பயன்படும் ஒரு கணக்கு உண்டு: தீனியின் எடையைப் புரதப் பங்கால் பெருக்கி, அதை 0.092 ஆல் பெருக்கினால் வெளியேறும் மொத்த அமோனியா கிடைக்கும். 1 கிராம் தீனிக்கு இது 37 மில்லிகிராம். உண்ணப்படாமல் அழுகும் தீனியென்றால், அதிலுள்ள நைதரசன் முழுவதும், ஏறத்தாழ 64 மில்லிகிராம் வரை, நீருக்கே திரும்பும். குறைந்த கணக்கையே எடுத்தாலும், 3.3 கிராமிலிருந்து நாளுக்கு 122 மில்லிகிராம். 90 லீற்றரில் பகிர்ந்தால் லீற்றருக்கு நாளொன்றுக்கு 1.3 மில்லிகிராமுக்கு மேல். அதை உண்டு நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் செயலிழந்த தொட்டியில், ஒரு வாரமே போதும் 8 ஐ எட்டுவதற்கு.

பற்றீரியாக்கள் ஏன் செயலிழந்தன? இங்கேதான் பீலித் தண்ணீரின் அந்த 18 என்ற எண் முக்கியமாகிறது. 1 கிராம் அமோனியா நைதரசனை மாற்றுவதற்குப் பற்றீரியாக்கள் 7.14 கிராம் காரத்தன்மையைச் செலவிடுகின்றன. நாளுக்கு 122 மில்லிகிராம் அமோனியாவென்றால், 90 லீற்றர் தொட்டியில் லீற்றருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் காரத்தன்மை நாள்தோறும் தீர்கிறது. கையிருப்பே 18. இரண்டு நாள் தீனிக்குக்கூட அது முழுமையாகத் தாங்காது. வாராவாரம் பாதி நீர் மாற்றியபோது கையிருப்பு ஓரளவு நிரப்பப்பட்டது. அது நின்றதும் பீ.எச். சரிந்தது. 6.5 இற்குக் கீழே இந்தப் பற்றீரியாக்களின் வேகம் தளர்ந்து, 6 ஐ நெருங்கும்போது பெரும்பாலும் நின்றுவிடும். 15 பாகைக் குளிர் அவற்றை மேலும் முடக்கியது. அமோனியா உயர்ந்தும் நைத்திரைற்று பூச்சியமாக இருந்ததன் பொருள் இதுவே. நைத்திரைற்று பூச்சியம் என்று கண்டு பலர் நிம்மதியடைகிறார்கள். அமோனியா உயர்ந்திருக்கும்போது அந்தப் பூச்சியம், தொழில் முதற்படியிலேயே நின்றுபோனதைக் காட்டுகிறது.

பின்னர் தொட்டியைச் சுத்தம் செய்தபோது, குழாயைச் சரளைக்குள் நுழைத்து உறிஞ்சியதும் வாளிக்குள் முதலில் வந்தது நீரல்ல. பயறளவுக்கு ஊறிப் பருத்து, வெள்ளைப் பூஞ்சணம் பஞ்சுபோல் மூடிய தீனி உருண்டைகள். கையால் அள்ளக்கூடிய அளவு இருந்தன. தொட்டியின் மேலே நீர் தெளிவாகவே இருந்தது. நீரின் தெளிவு நீரின் நலத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்பதை அந்த வாளியைப் பார்த்த பிறகு அந்த வீட்டில் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சோடாவுக்கு முன் செய்திருக்க வேண்டியது

அப்பச் சோடா தவறான மருந்தன்று. அது தவறான வரிசையில் இடப்பட்டது. பீ.எச். தாழ்ந்த தொட்டியைக் கண்டால் முதலில் அமோனியாவை அளக்க வேண்டும். அது உயர்ந்திருந்தால், தீனியை உடனே நிறுத்தி, பீ.எச். ஏறத்தாழ ஒத்திருக்கும் மென்னீரால், அதாவது அதே பீலித் தண்ணீரால், அமோனியாவை வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு நாளும் பாதி நீரை மாற்றினால் 8 என்பது 4 ஆகி, 2 ஆகி, 1 ஆகும். அதற்குப் பிறகே காரத்தன்மையை உயர்த்தத் தொடங்கலாம், அதுவும் சிறிது சிறிதாக. 90 லீற்றருக்கு 3 கிராம் அப்பச் சோடா, காரத்தன்மையை லீற்றருக்கு 20 மில்லிகிராம் அளவில் உயர்த்தும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் தேவையில்லை. கடையில் சொல்லப்பட்ட இரண்டு மேசைக்கரண்டி இதைப் போல எட்டு மடங்குக்கும் மேல். நகரக் குழாய் நீரைப் பயன்படுத்துவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, அது சுத்திகரிப்பின்போது சுண்ணாம்பால் பீ.எச். உயர்த்தப்பட்டும் குளோரீன் கலக்கப்பட்டும் வரக்கூடும் என்பதாகும். இப்படிப்பட்ட தொட்டியில் அந்த நீரால் திடீரென்று பெருமளவு மாற்றம் செய்வதும் சோடா செய்த அதே வேலையைச் செய்யும். குளோரீனின் தீங்கு அதற்கு மேலதிகம்.

மீட்பு

தொட்டி நீர் முழுவதையும் அகற்றி, சரளையைக் கழுவி, பீலித் தண்ணீரால் நிரப்பினோம். மழை ஓய்ந்த இடைவெளியில் எடுத்த நீரை ஓரிரவு தேங்கவைத்து மண் படிந்த பிறகே பயன்படுத்தினோம். 3 கிராம் வீதம் நாளுக்கொருமுறை அப்பச் சோடா இட்டுக் காரத்தன்மையை 70 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்தோம், பீ.எச். 7.3 அளவில் நின்றது. என் தொட்டியொன்றில் நெடுங்காலம் ஓடிய நுரைப்பஞ்சைப் பிழிந்து கொடுத்ததில் பற்றீரியாக்கள் விரைவாகக் குடியேறின. அப்படியும் அந்தக் குளிரில் அவை முழு வேகம் பெறச் சில வாரங்கள் பிடித்தன. இடையில் நைத்திரைற்று 1 மில்லிகிராம் வரை ஏறியது. நைத்திரைற்று குருதியின் ஒட்சிசன் காவும் திறனைக் கெடுப்பது. உப்பிலுள்ள குளோரைட்டு, செவுளில் அது நுழையும் வழியைத் தடுக்கிறது. ஆகவே 10 லீற்றருக்கு 2 கிராம் வீதம் கல்லுப்பு கரைத்துவிட்டோம். பேசினிலிருந்து திரும்பிய பொன்மீன்களுக்கு அந்த வாரங்களில் ஒன்றுவிட்ட ஒருநாள் மட்டும், நாலைந்து உருண்டைகள் கொடுக்கப்பட்டன. தாயாருக்கு அது பெரும் வேதனையாக இருந்தது. மீன் வாரக்கணக்கில் பட்டினியைத் தாங்கும், அழுகிய நீரை ஓரிரவுகூடத் தாங்காது என்று சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டது, இரண்டு மீன்களும் நாளுக்கு நாள் தெளிவதைத் தாமே பார்த்த பிறகுதான்.

தீனி ஒழுங்கு

மீட்புக்குப் பின் செய்த மாற்றங்களில் மிகப் பயன்பட்டது மிக எளியது. தீனி போடும் பொறுப்பைத் தாயார் ஒருவரிடமே ஒப்படைத்தோம். ஞாயிறன்று ஆசிரியர் ஏழு சிறு கடதாசிப் பொட்டலங்கள் கட்டிக் கொடுத்துவிடுவார். ஒரு நாளைக்கு ஒன்று. யார் வந்து கேட்டாலும் அன்றைய பொட்டலம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இரண்டே மீன்கள் இருக்கும் இப்போது பொட்டலத்தில் குளிர்மாதங்களில் 0.2 கிராமும், நீர் 20 பாகையைக் கடக்கும் மாதங்களில் 0.4 கிராமும் வைக்கப்படுகின்றன. போடும் நேரம் நண்பகலுக்கும் இரண்டு மணிக்கும் இடையில். நீர் நாளின் உச்ச வெப்பத்தை அடைந்து, சமிபாட்டுக்கு மாலைவரை நேரம் கிடைக்கிறது. காலைக் குளிரிலும் இருட்டிய பிறகும் எதுவும் இல்லை. உருண்டைகளை ஒரு நிமிடம் நீரில் நனைத்துவிட்டுப் போடுவது, மீனின் குடலுக்குள் சென்று அவை பருப்பதைத் தடுக்கிறது.

வாரத்தில் ஒருநாள் உருண்டைக்குப் பதிலாக, தோல் நீக்கி அவித்து மசித்த பச்சைப் பட்டாணியோ கங்குன் இலையோ கொடுக்கலாம். மலைநாட்டில் மரக்கறிக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெலிமடை, நுவரெலியாப் பக்கத்துச் சந்தை மரக்கறிக்குக் கிருமிநாசினி நிறையவே தெளிக்கப்படுகிறது. வீட்டுத் தோட்டத்தில் பறித்ததே மீனுக்கு ஏற்றது. பாண் எந்த நாளிலும் வேண்டாம். தீனிப் பொதியைத் தொட்டி விளக்கின் மேல் திறந்தபடி வைத்திருந்தார்கள். மூடுபனி வீட்டுக்குள் நுழையும் ஊரில் தீனி ஈரம் பிடித்துப் பூஞ்சணமாகும், கொழுப்பு காறும், உயிர்ச்சத்து சி முதலில் அழியும். இரண்டு மாதத்தில் தீரும் சிறு பொதியை வாங்கி, இறுக மூடும் போத்தலில் வைப்பதே போதுமானது.

கப்பிகளைப் பற்றி ஒரு சொல். கப்பி 24 பாகைக்கு மேற்பட்ட, கனியுப்புள்ள நீரை விரும்பும் மீன். 15 பாகை மென்னீரில் அது வாழவில்லை, தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது. நம் நாட்டு ஈரவலய ஓடைகளுக்கே உரிய புலத் ஹப்பயாவும் லே தித்தயாவும் மென்னீருக்கு நன்கு பொருந்துபவை. ஆனால் அவை தாழ்நில ஓடை மீன்கள், இந்த உயரத்தில் சூடாக்கியின்றி அவற்றையும் வைப்பது கொடுமை. சூடாக்கி வாங்க முடியாத வீட்டில் பொன்மீன் மட்டும் போதும் என்பது என் உறுதியான கருத்து. ஆசிரியரும் கப்பிகளை மறுபடி வாங்கவில்லை.

காரத்தன்மையும் நீர் மாற்றமும்

வாரந்தோறும் 30 லீற்றர் நீர் மாற்றப்படுகிறது. அந்தப் புதுநீரில் தட்டையாக எடுத்த அரைத் தேக்கரண்டி அப்பச் சோடா கரைக்கப்படுகிறது. நான்கு மீன்கள் முழுத் தீனியில் இருந்த தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி வேண்டியிருக்கும். தீனியின் அளவே சோடாவின் அளவைத் தீர்மானிக்கிறது. சோடா சோடியத்தை மட்டுமே தருவதால், கல்சியத்துக்காக உடைத்த மட்டி ஓடுகளை வலைப்பையில் கட்டி வடிகட்டியின் அருகே தொங்கவிட்டோம், பீ.எச். தாழ்ந்தால் ஓடு விரைந்து கரையும், உயர்ந்தால் கரைவது தானே மந்தமாகும். சிலர் இதற்கு முருகைக்கல்லைத் தேடுகிறார்கள். கடலிலிருந்து அதை எடுப்பது நம் நாட்டில் சட்டப்படி தடைசெய்யப்பட்டது, மட்டி ஓடே அந்த வேலையைச் செய்துவிடும். தேயிலை மலைக்கு இடும் டொலமைட்டைக் கேட்டவர்களும் உண்டு. மாவாக இருப்பதால் அதன் அளவைக் கட்டுப்படுத்த முடியாது, நீரும் கலங்கும்; தவிர்க்கலாம்.

எஞ்சியிருந்த குறை மழைக்காலத்து நீர். பீலி கலங்கியதும் நீர் மாற்றம் நின்றதே இத்தனைக்கும் வழி திறந்துவிட்டது என்பதால், வீட்டின் பின்புறம் மூடியுடன் கூடிய 200 லீற்றர் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை வைத்து, ஒக்ரோபர் மாதத்திலேயே தெளிந்த நீரால் நிரப்பிக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது. வாரத்துக்கு 30 லீற்றர் எடுத்தாலும் ஆறு வாரங்களுக்கு அது வரும். இடையில் மழை விட்டு பீலி தெளியும் நாட்களில் நிரப்பிக்கொள்ளலாம். முன்பு எண்ணெயோ இரசாயனமோ இருந்த பீப்பாயாக இருக்கக்கூடாது. எடுக்கும் நீரை முதல்நாள் மாலையே வாளியில் முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்தால், மறுநாள் நண்பகலில் அதன் வெப்பநிலை தொட்டியோடு ஒத்துவிடும்.